டாக்டர்கள் அஞ்சும் கட்டை விரல் பருமன் நரம்பு

இடுப்பு மூட்டை மாற்றும் ஆபரேஷன் முடிந்து, மரத்துப் போயிருந்த கால்களுக்கு உணர்ச்சி திரும்பியதும், டாக்டர் நோயாளியிடம் தவறாமல் கேட்பது என்ன தெரியுமா? "வலி எப்படி இருக்கிறது?" என்பது மட்டுமல்ல. "பாதத்தை மேல்நோக்கி மடக்குங்கள், பார்க்கலாம்" என்பதுதான்!

கத்தி பட்டது இடுப்பில். பாதத்தின் பக்கம் யாரும் போகவே இல்லை. பிறகு ஏன் பாதத்தைச் சோதிக்கிறார்கள்?

காரணம், ஒரு நரம்பு. இடுப்பு மூட்டின் பின்புறத்தை ஒட்டினாற்போல் இறங்கி, கால் விரல் நுனி வரை ஆட்சி செய்யும் அந்த நரம்புக்கு 'சயாட்டிக்' நரம்பு என்று பெயர். இடுப்பு மூட்டு ஆபரேஷனில் அந்த நரம்புக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவுமே இல்லை. ஆனால் அது எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் கத்தியைக் கையில் எடுக்கவும் முடியாது. மூட்டு வேலை நூற்றுக்கு நூறு நன்றாக முடிந்து, இந்த நரம்பு மட்டும் அடிபட்டுவிட்டால் நோயாளி வீட்டுக்குக் கொண்டு போவது புதிய மூட்டும், தொங்கும் பாதமும்தான்.

தொங்கும் பாதம் என்றால் ஏதோ சிறு குறை என்று எண்ணிவிடக் கூடாது. நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தரையில் தட்டும். செருப்பு காலில் நிற்காது. படியில் கால் இடறும். லோக்கல் ரயிலில் ஏறி இறங்கி வேலைக்குப் போகிறவருக்கும், ஏணியில் நின்று பெயிண்ட் அடிக்கிறவருக்கும், தலையில் மூட்டை சுமக்கிறவருக்கும் அது வயிற்றுப் பிழைப்பையே தொடும் விஷயம்.

உடம்பிலேயே பெரியது

மனித உடம்பில் உள்ள நரம்புகளிலேயே பருமனானதும் நீளமானதும் சயாட்டிக் நரம்புதான். நரம்பு என்றதும் நூல் இழை போல இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இது புறப்படும் இடத்தில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம். அதாவது கட்டை விரல் அகலம்! தட்டையான வெள்ளை நாடா போல இருக்கும்.

முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருந்து வரும் ஐந்து வேர்கள் ஒன்றுகூடி இந்த நரம்பாகின்றன. நாரிப் பகுதியின் 4-வது, 5-வது வேர்கள். அதற்குக் கீழே உள்ள திருவெலும்பின் 1, 2, 3-வது வேர்கள். இவை இடுப்புக்கூட்டுக்கு உள்ளே கலந்து, அங்குள்ள ஒரு பெரிய எலும்புப் பள்ளத்தின் வழியாகப் பின்பக்கம் வெளியேறி, பிட்டத்துக்குள் நுழைகின்றன.

அந்த வாசலில் குறுக்கே கிடக்கிறது ஒரு தசை. பேரிக்காய் வடிவில் இருப்பதால் அதற்கு 'பிரிபார்மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரும்பாலோருக்கு நரம்பு இந்தத் தசையின் கீழ் விளிம்பில் இருந்து எட்டிப் பார்த்து, பிட்டத்தின் பெரிய சதைக்கு அடியில் மறைந்துகொண்டு கீழே இறங்கும்.

வாசகர்கள் தங்கள் உடம்பிலேயே அதன் பாதையைக் குறித்துக்கொள்ளலாம். இடுப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் வெளிப்பக்கத்தில், ஒருக்களித்துப் படுத்தால் பாயில் உறுத்தும் ஓர் எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும். மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் பாரம் முழுவதையும் தாங்கும் எலும்பு பிட்டத்தின் அடியில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில்தான் சயாட்டிக் நரம்பு இறங்குகிறது.

அந்த இடத்தில் நரம்புக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் இடுப்பு டாக்டருக்கு முக்கியம். விரல் பருமனில் சில சிறு தசைகள். அவற்றுக்கு அடுத்து மூட்டின் உறை. அதற்குள் பந்தும் கிண்ணமும். அவ்வளவுதான். மூட்டுக்கும் நரம்புக்கும் இடையில் மெத்தை போட்டது போல அந்தச் சிறு தசைகள் மட்டுமே இருக்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். 'சயாட்டிகா' என்று நம்மவர்கள் சொல்லும் வலி, பிட்டத்தில் தொடங்கிக் காலுக்கு மின்னல் போல் இறங்குவது, பெரும்பாலும் முதுகெலும்பில் உள்ள தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் வருகிறது. கோளாறு முதுகில், வலிப்பது நரம்பு போகும் வழியெல்லாம். இடுப்பு மூட்டு தேய்வதால் வரும் வலி வேறு. அது பெரும்பாலும் தொடையிடுக்கில் தெரியும்.

கல்யாண் வரை ஒன்றாக

சயாட்டிக் நரம்பை ஒரே நரம்பு என்று சொன்னாலும், உண்மையில் அது இரண்டு நரம்புகள் ஒரே உறைக்குள் போவதாகும். மும்பைவாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். போரிபந்தரில் இருந்து கல்யாண் வரை பக்கத்துப் பக்கத்தில் ஓடும் தண்டவாளங்களைப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பாதையாகத்தான் தெரியும். கல்யாணில் ஒரு பாதை கசாரா பக்கமும், இன்னொன்று கர்ஜத் பக்கமும் பிரிந்துவிடும். அதுபோல் இந்த நரம்பும் முழங்காலின் பின்பக்கத்துக்குச் சற்று மேலே வரை ஒன்றாக வந்து, அங்கே இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று 'டிபியல்' நரம்பு. அது நேராக ஆடுசதைக்குள் இறங்கி உள்ளங்காலுக்குப் போகிறது. குதிகாலைத் தூக்குவதும், விரல்களைக் கீழே மடக்குவதும், உள்ளங்காலில் முள் குத்தினால் உணர்வதும் அதன் பொறுப்பு.

மற்றது 'பெரோனியல்' நரம்பு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருகிறது. பாதத்தை மேலே தூக்குவது இதன் வேலை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் கால்விரல் தரையில் இடிக்காமல் இருப்பது இதனால்தான்.

இப்போது ஒரு விசித்திரம். இடுப்பில் நரம்பு அடிபடும்போது இரண்டும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பெரோனியல் பாகம்தான். ஒரே உறையில் இருக்கும் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவிதி?

முதலாவது, அது வெளிப்பக்கத்தில் இருக்கிறது. ஆபரேஷன் கருவிகள் வரும் பக்கம் அதுதான். இரண்டாவது, அது இடுப்பில் எலும்புப் பள்ளத்திலும், முழங்காலுக்குக் கீழே எலும்புக் கழுத்திலும் கட்டிப்போட்டது போல் இருக்கிறது. இரண்டு முனையும் கட்டிய கொடிக்கயிற்றை நடுவில் இழுத்தால் என்ன ஆகும்? விட்டுக்கொடுக்க இடமில்லை.

மூன்றாவது காரணம் நரம்பின் உள் அமைப்பில் இருக்கிறது. டிபியல் பாகத்தில் நார்கள் பல சிறு கட்டுகளாக, இடையே மெத்தென்ற திசு வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரோனியல் பாகத்தில் சில பெரிய கட்டுகள். இடையில் மெத்தை குறைவு. பார்சல் ஆபீசில் கண்ணாடிச் சாமான் பெட்டியைக் கையாண்டவர்களுக்கு இது புரியும். வைக்கோல் அதிகம் வைத்துக் கட்டியது அடியைத் தாங்கும். வைக்கோல் இல்லாமல் கட்டியது முதல் குலுக்கலிலேயே போய்விடும்.

எல்லோருக்கும் ஒரே பாதை அல்ல

படத்தில் போட்டபடிதான் எல்லோருடைய உடம்பும் இருக்கும் என்றால் டாக்டர்களுக்குக் கவலையே இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டன், ஆன்சன் என்ற இருவர் 1937-ல் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, பிரிபார்மிஸ் தசைக்கும் இந்த நரம்புக்கும் உள்ள உறவை ஆறு வகையாகப் பிரித்தார்கள். பெரும்பாலோருக்கு நரம்பு முழுவதும் தசைக்குக் கீழே வருகிறது. வேறு சிலருக்கு இடுப்புக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து, பெரோனியல் பாகம் தசையைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. டிபியல் பாகம் மட்டும் கீழே வருகிறது. இன்னும் அபூர்வமாக, ஒரு பாகம் தசைக்கு மேலே ஏறி வருவதும் உண்டு.

இது அபூர்வத்திலும் அபூர்வம் என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. 6,000-க்கும் மேற்பட்ட உடல் அறுவைகளின் விவரங்களைத் தொகுத்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 17 சதவீதத்தில் பாதை மாறியிருந்தது. ஆறு பேரில் ஒருவர்! தசைக்குக் கீழே ஒரு வெள்ளை நாடாவைக் கண்டு, 'நரம்பு இதோ, பத்திரம்' என்று நினைத்துவிட்டு டாக்டர் தசையை விலக்கினால், அதற்குள்ளேயே மற்றொரு பாதி இருக்கக்கூடும். கண்டது வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தால் மற்றதைத் தேட வேண்டும் என்பது இதனால்தான்.

மூட்டு மாற்றும் வித்தை

இடுப்பு மூட்டு ஏன் மாற்றப்படுகிறது? மேல் நாடுகளில் முதுமைத் தேய்மானம் முதல் காரணம். நம் நாட்டில் அதோடு, தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப் பொடியாகும் நோயும் பெரும் பங்கு வகிக்கிறது. முப்பது, நாற்பது வயது ஆண்களையே அது பிடிக்கிறது. அளவு மீறிய குடியும், ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு முக்கிய காரணங்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு பெற்றுப் பிழைத்த சிலருக்கும் இது வந்ததை 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறியும் மூதாட்டிகளின் கதை தனி.

1940-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆஸ்டின் மூர் என்ற டாக்டர், கட்டி அரித்த தொடை எலும்பின் மேல் பகுதியை எடுத்துவிட்டு உலோகத்தால் செய்ததைப் பொருத்தினார். பின்னாளில் அவர் வடிவமைத்த உலோகப் பந்து நம் நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ முதியவர்களை எழுந்து நடக்க வைத்தது. "பாட்டிக்கு மூர் போட்டிருக்கிறது" என்றால் எலும்பு வார்டில் எல்லோருக்கும் புரியும்.

பந்து, கிண்ணம் இரண்டையும் சேர்த்து மாற்றுவதை நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் அவர் முதலில் வைத்த 'டெப்லான்' கிண்ணங்கள் சீக்கிரமே தேய்ந்து ஏமாற்றின. மனம் தளராமல் 1962 நவம்பரில் வேறு வகைப் பிளாஸ்டிக்கில் கிண்ணம் வைத்தார். இன்று உலகெங்கும் நடக்கும் ஆபரேஷனுக்கு அதுவே அடிப்படை. 1977-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

மூட்டுக்குள் போக முன்வழி, பக்கவழி, பின்வழி என்று பல வழிகள் உண்டு. மூர் பிரபலமாக்கியது பின்வழி. அதை அவர் 'தெற்கு வழி' என்றே அழைத்தார். உலகில் மிக அதிகமாகப் பயன்படும் வழிகளில் அது ஒன்று. சயாட்டிக் நரம்பின் வீட்டு வாசல் வழியாகப் போவதும் அதுதான்.

பின்வழியில் நடப்பது

நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள். வெளி மேட்டெலும்பை ஒட்டிப் பின்பக்கமாகத் தோலை வளைவாக வெட்டி, பிட்டத்தின் பெரிய சதையை அதன் நார்கள் ஓடும் திசையிலேயே பிளந்து விலக்குகிறார்கள். அடியில் மஞ்சள் கொழுப்பு தெரியும். நரம்பு அந்தக் கொழுப்புக்குள் படுத்திருக்கிறது.

சாதாரண ஆபரேஷனில் பல டாக்டர்கள் நரம்பைத் தோண்டி வெளியே எடுப்பதில்லை. விரலால் தடவி, இங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொள்கிறார்கள். தேவையில்லாமல் கிளறினால் நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் மெல்லிய குழாய்கள் அறுபடும். முன்பே ஆபரேஷன் ஆன இடுப்பிலும், கிண்ணமே நொறுங்கிய விபத்துக் கேஸ்களிலும் நிலைமை வேறு. அங்கே தழும்போடு ஒட்டி இடம் மாறிக் கிடக்கும் நரம்பைக் கண்ணால் கண்டு, அடையாளம் வைத்துக்கொண்டே மேலே போக வேண்டியிருக்கும்.

அடுத்து வருவதுதான் அழகான உத்தி. உதவியாளர் நோயாளியின் காலை உட்பக்கமாகத் திருப்புகிறார். மூட்டின் பின்னே இருக்கும் சிறு தசைகள் விறைத்து நிற்கின்றன. அவை எலும்பில் ஒட்டும் இடம் நரம்பை விட்டு விலகி வருகிறது. அந்த இடத்திலேயே, எலும்பை ஒட்டி, தசைகளை அறுத்து, நுனியில் நூல் கட்டிப் பின்பக்கமாகப் புரட்டிப் போடுகிறார்கள். புரட்டிய தசை நரம்பின் மேல் போர்வை போல் விழுகிறது. இனி எந்தக் கருவி வந்தாலும் முதலில் அந்தப் போர்வையைத்தான் தொடும். மூட்டுக்கும் நரம்புக்கும் நடுவில் இயற்கை வைத்த மெத்தையையே எடுத்து நரம்புக்குக் கேடயமாக்கிவிட்டார்கள்!

பிறகு பந்தைக் கழற்றி, கழுத்தை அறுத்து, கிண்ணத்தைக் குடைந்து, புதியவற்றைப் பொருத்துகிறார்கள். சதையை விலக்கிப் பிடிக்கும் கொக்கிக் கருவி கிண்ணத்தின் பின் விளிம்பில் இருக்கும் நேரம் ஆபத்தான நேரம். உதவி டாக்டர் களைப்பில் சற்று அதிகமாக இழுத்தால் போதும். முழங்காலை மடக்கியே வைத்திருப்பது இன்னொரு காவல். இடுப்பு மடங்கி முழங்கால் நீட்டியிருந்தால் நரம்பு வில் நாண் போல் இழுபடும். முழங்கால் மடங்கினால் தொய்வாகும்.

அப்படியானால் முன்வழியாகப் போய்விட்டால் கவலை இல்லையே என்று தோன்றலாம். முன்வழியில் தொடையின் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு குறுக்கே வருகிறது. பக்கவழியில் பிட்டத் தசைக்குப் போகும் வேறொரு நரம்பு. ஆபத்தில்லாத வழி என்று ஒன்று கிடையாது. எந்த டாக்டருக்கு எந்த வழி கைவந்ததோ, நோயாளிக்கு அதுவே நல்ல வழி.

கால் நீளமும் ஒரு வினை

கத்தி பட்டு நரம்பு அறுபடுவது மிக அபூர்வம். இழுபடுவதும் நசுங்குவதும்தான் அதிகம். உள்ளே ரத்தம் கட்டி அழுத்துவதும் உண்டு.

சிறு வயதிலேயே மூட்டு விலகியோ, கிருமி தாக்கியோ ஒரு கால் குட்டையாகிப் போனவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். "ஐயா, இரண்டு காலையும் சமமாக்கிவிடுங்கள்" என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் எலும்பை இறக்கலாம். இருபது வருஷமாகச் சுருங்கிக் கிடந்த நரம்பு ஒரே நாளில் நீளுமா? 4 சென்டிமீட்டருக்கு மேல் கால் நீண்டால் நரம்புக்கு ஆபத்து கூடும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. பிராணிகளிடம் நடந்த சோதனையில், நரம்பை அதன் நீளத்தில் சுமார் 15 சதவீதம் இழுத்தபோது அதற்குள் ரத்த ஓட்டமே நின்றுவிட்டது. இதனால் மிகவும் மேலேறிவிட்ட மூட்டைக் கீழே இறக்கும்போது, தொடை எலும்பில் ஒரு துண்டை வேண்டுமென்றே வெட்டி எடுத்துக் குறுக்குவதும் நடக்கிறது. நீளமாக்கப் போன இடத்தில் குறைக்கிறார்களே என்று குடும்பத்தார் திகைக்க வேண்டாம்.

எத்தனை பேருக்கு இந்த ஆபத்து? அமெரிக்காவில் 3,126 இடுப்பு மாற்று ஆபரேஷன்களைப் பரிசீலித்து 1991-ல் வெளியான அறிக்கையில், 53 பேருக்கு நரம்பு பாதித்திருந்தது. நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. பிறவியிலேயே மூட்டு சரியாக அமையாதவர்களிடம் அது நூற்றுக்கு ஐந்து. 1970 முதல் 2000 வரை அங்குள்ள மேயோ கிளினிக்கில் நடந்த 27,004 முதல் தடவை ஆபரேஷன்களில் 47 பேருக்கு மட்டுமே தசை செயலிழந்தது. ஆக, பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடும் அளவுக்குப் பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் அந்த 47 பேரில் ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு.

'பஞ்சா உப்பர்!'

இனி வார்டுக்கு வருவோம். தாராவிக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி ஆனாலும், பரேலில் கே.இ.எம். ஆனாலும் வார்டில் காதில் விழுவது பெரும்பாலும் மராத்தியும் இந்தியும்தான். "பஞ்சா உப்பர் கரோ" என்று நர்ஸ் சொன்னால், பாதத்தை மேலே மடக்கச் சொல்கிறார் என்று பொருள். திருநெல்வேலிக் கிராமத்தில் இருந்து மகன் வீட்டுக்கு வந்த தாயாருக்கு அது எப்படி விளங்கும்? முழுக் காலையும் தூக்கச் சொல்வதாக எண்ணி, வலியில் "முடியாதம்மா" என்று தலையாட்டிவிடுவார். அல்லது ஏதோ கேட்கிறார்கள் என்று சும்மா "ஆம்" சொல்லிவிடுவார். சோதனையே வீணாகிப் போகும்.

ஆபரேஷனுக்கு முதல் நாளே வீட்டார் சொல்லிக் கொடுத்துவிடலாம்: குதிகாலைப் படுக்கையில் வைத்தபடியே பாதத்தைத் தன்னை நோக்கி மடக்குவது, பெருவிரலைத் தூக்குவது, பிறகு பாதத்தைக் கீழே அழுத்துவது. மேலே வருவது பெரோனியல். கீழே அழுத்துவது டிபியல். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தொட்டால் தெரிகிறதா, உள்ளங்காலில் கீறினால் தெரிகிறதா என்பதும் சோதனை. முதுகில் போட்ட மரப்பு ஊசியின் வேகம் தணிய சில மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகே இவற்றுக்கு அர்த்தம் உண்டு.

ஆபரேஷனுக்கு முன்பும் இதே சோதனையைச் செய்து கேஸ் பேப்பரில் எழுதி வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் முன்பே பாதம் மரத்திருக்கலாம். முதுகுத் தட்டு பிதுங்கி ஏற்கெனவே பலம் குறைந்திருக்கலாம். எது பழையது, எது புதியது என்று பின்னால் சண்டை போட்டுப் பயனில்லை.

பாதம் எழவில்லை என்றால் உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருப்பது தவறு. டாக்டர் செய்யும் முதல் காரியம், தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி நரம்பைத் தொய்வாக்குவது. இறுகிய கட்டைத் தளர்த்துவது. பொறுக்க முடியாத வலியுடன் பலம் குறைந்துகொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதைச் சீக்கிரம் வெளியேற்றினால் நரம்பு பிழைக்கும். இன்னொன்று: கால் வெளிப்பக்கம் சாய்ந்து, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக் கழுத்து கட்டில் கம்பியில் அழுந்திக் கிடந்தாலும் பாதம் தொங்கும். இடுப்பில் குற்றமே இருக்காது. ஒரு தலையணை அந்த விபத்தைத் தடுக்கும்.

ஊசியும் இதே நரம்பும்

ஆபரேஷனுக்கே போகாதவர்களும் இந்த நரம்பிடம் மாட்டிக்கொள்வது உண்டு. பிட்டத்தில் போடும் ஊசி இடம் தவறினால் மருந்து நரம்புக்குள்ளேயே பாயலாம். பிட்டத்தை மனத்தில் நான்காகப் பிரித்தால், மேலே வெளிப்பக்கம் உள்ள கால் பகுதியில்தான் ஊசி போட வேண்டும். நரம்பு கீழேயும் உள்ளேயும் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பிட்டத்தில் போடுவதே கூடாது; தொடையின் முன்-வெளிப் பக்கமே உகந்தது. காய்ச்சலுக்கு ஊசி போட்ட மறுநாள் குழந்தை காலை இழுத்து நடந்தால், பொட்டிக்கடை போல் நடத்தும் போலி டாக்டரிடம் மறுபடியும் போகாமல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விபத்திலும் இதே கதை. டாக்சியிலும் டெம்போவிலும் முன் சீட்டில் இருப்பவரின் முழங்கால் எதிரே இடித்தால், தொடை எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டுப் பின்னால் எகிறும். பின்னால் நிற்பது நரம்பு! அப்படிப் பின்பக்கம் விலகும் மூட்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் நரம்பும் அடிபடுகிறது. சில மணி நேரத்துக்குள் மூட்டைத் திரும்ப உட்கார வைப்பது பந்துக்கும் நல்லது, நரம்புக்கும் நல்லது.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

அடிபட்ட நரம்பு திரும்புமா? இங்கிலாந்தைச் சேர்ந்த செடன் என்ற டாக்டர் 1943-ல் நரம்புக் காயங்களை மூன்று தரமாகப் பிரித்தார். ரயில்வே பாஷையில் சொன்னால், முதல் தரம் சிக்னல் கோளாறு: தண்டவாளம் சரியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கிறது. நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிவிடும். இரண்டாவது, தண்டவாளம் உடைந்து, மண்மேடு மட்டும் மிஞ்சியது. அதே மேட்டின் மேல் புதிய நார் வளர்ந்து வர வேண்டும். மூன்றாவது, மேட்டோடு வெள்ளம் அடித்துப் போனது. தானாகத் திரும்பாது.

நரம்பு நார் வளரும் வேகம் நாளொன்றுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர். இடுப்பில் அடிபட்டால், பாதத்தைத் தூக்கும் தசைக்குப் போய்ச் சேர அரை மீட்டர் தூரம். ஐந்நூறு நாள்! ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த தசை, நரம்பு வந்து சேரும்போது வேலைக்கு ஆகாமல் போயிருக்கவும் கூடும். முன்பு சொன்ன 1991-ம் ஆண்டு அறிக்கையில், பத்தில் நால்வர் போல ஏறக்குறைய முழுமையாகத் தேறினார்கள். பலருக்குச் சிறு குறை மட்டும் தங்கியது.

காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்கக் கூடாது. தொங்கும் பாதத்தை அப்படியே விட்டால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநார் குறுகி, பாதம் கீழ்நோக்கியே இறுகிவிடும். செருப்புக்குள் வைத்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை பாதத்தை நேராக நிறுத்தும். மரத்த பாதத்தில் கொப்புளம், கடிவாய் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். மூன்று வாரம் கழித்து மின்சாரச் சோதனை செய்தால், காயம் இடுப்பிலா, முழங்காலிலா என்று தெரியும். தொடையின் பின்பக்கம் உள்ள ஒரு சிறு தசைக்குப் பெரோனியல் பாகத்தில் இருந்து கிளை போகிறது. அதுவும் செத்திருந்தால் காயம் மேலே, இடுப்பு மட்டத்தில்.

நரம்பு திரும்பவே இல்லை என்றால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. டிபியல் நரம்பு பிழைத்திருந்தால், அதன் கீழ் இயங்கும் ஒரு தசையின் நாரை இடம் மாற்றி, பாதத்தின் மேல்பக்கம் கட்டிவிடுவது. இந்த வித்தையில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. தொழுநோயும் முழங்காலுக்குக் கீழே இதே பெரோனியல் நரம்பைத்தான் தாக்கிப் பாதத்தைத் தொங்கவிடுகிறது. செங்கற்பட்டு தொழுநோய் மையத்தில் பணியாற்றிய டாக்டர் எச். சீனிவாசனும் அவரது சகாக்களும், அந்தத் தசைநாரை இரண்டு வாலாகப் பிளந்து கட்டும் முறையை 1968-ல் எழுதி வெளியிட்டார்கள். கட்டுப் பிரித்ததும் நோயாளி பயிற்சி எடுக்க வேண்டும். பாதத்தை உட்பக்கம் திருப்பிக்கொண்டிருந்த தசைக்கு, இனிமேல் உன் வேலை மேலே தூக்குவது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சில வாரங்களில் அது கற்றுக்கொண்டு விடுகிறது.